ரோட்டுக்காடும் பள்ளக்காடும்

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி எங்கள் காட்டுக்குள் நுழைந்த அன்று, பக்கத்துக் காடுகளில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் களைக்கொத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். எங்கள் வடமதுரைப் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.

காது அடைத்துப்போகிற சத்தம். குழிக்குள்ளிருந்து வெள்ளைப் புழுதி பீறிக்கொண்டு கிளம்பியது. காற்று எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். என் வீட்டுக்காரர் பரமசிவம் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. தலை, மீசை, கண்ணிமை எல்லாம் வெள்ளை.

ஒவ்வொரு கம்பியாக உள்ளே இறங்க இறங்க, "ஈரம் தட்டுதாண்ணே?" என்று வண்டிக்காரரைப் பார்த்துக் கத்துவார். அந்தச் சத்தத்தில் கேள்வி அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் வாயசைவு புரிந்திருக்கும். உதட்டைப் பிதுக்குவார்.

எங்களுக்குப் பின்னால் கல்தூண்கள் வரிசையாக நின்றன. தூணுக்குத் தூண் கம்பி இழுத்துப் பின்னிய பந்தல். பாகலும் பீர்க்கும் புடலையும் ஏறவேண்டிய பந்தல். கொடியும் இல்லை, தண்ணீரும் இல்லை, பந்தல் மட்டும் தயார்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "கல்யாணப் பந்தல் போட்டாச்சு. பொண்ணத்தான் காணோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

கல் முந்தி, தண்ணீர் பிந்தி

இந்தத் தொடரைப் போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எர்ணாகுளத்தில் பரோட்டா மாஸ்டராக இருந்தவருக்குப் பந்தல் ஆசை எப்படி வந்தது?"

அவருடைய ஓட்டல் முதலாளிக்குப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டம். ஒருமுறை லீவு நாளில் ஏதோ வேலையாக இவரை அங்கே அனுப்பியிருக்கிறார். பந்தலுக்குள் நுழைந்த மனிதர் தலைக்கு மேல் புடலங்காய் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு காயின் நுனியிலும் நூலில் ஒரு கூழாங்கல். காய் சுருளாமல் நேராக வளர்வதற்காகக் கட்டுவது. "ஆயிரம் பேரு தலகீழா நின்னு நம்மளப் பாக்குற மாதிரி இருந்துச்சு புள்ள" என்று போனில் சொன்னார். பரோட்டா மாவைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் பந்தல் பேச்சுதான். பொங்கலுக்கு வருவார், கோயில் திருவிழாவுக்கு வருவார். வருகிற நாளில் வீடு முழுக்க நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை அடிக்கும். போகிற நாளில் சோறு பானையில் அப்படியே இருக்கும். மகன்கள் இரண்டு பேரும் அப்பாவோடு பேசப் பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒருவர் திராட்சைத் தோட்டத்தைப் பிரித்துக் கல்தூண்களைக் கழிக்கிறார் என்று அவருக்கு எப்படியோ தகவல் வந்தது. போன் போட்டுப் பேசி முடித்துவிட்டார். லாரியில் கல் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஏங்க, தண்ணி?"

"கல்லு கெடைக்கிறப்ப வாங்கிப் போட்டுரணும். தண்ணி எங்க போயிரும்? பூமிக்குள்ளதான இருக்கு?"

இருக்கத்தான் செய்கிறது. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

நான் வத்தலக்குண்டுக்காரி. வாழைத்தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், குடத்தை வாசலில் வைத்துவிட்டுக் குழாயில் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து எனக்கு விநோதமாக இருந்தது. ஆறு மாதத்தில் நானும் அப்படி உட்காரப் பழகிவிட்டேன். காட்டில் மழை பெய்தால் சோளம், கொள்ளு. பெய்யாவிட்டால் செம்மண் மட்டும்.

இந்த முறை லீவுக்கு வந்தவர், போர் போடுவதற்கு முதல் நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "தண்ணி வந்துச்சுன்னா இங்கனயே இருந்துர்றேன் சரோசா. வரலேன்னா பழையபடி போறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

புழுதி

கடைசிக் கம்பியும் இறங்கியது. புழுதிதான். வண்டிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அத்தனை நேரச் சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் ஒரு காட்டுப்புறா கூவியது தெளிவாகக் கேட்டது.

"பாறை விடல அப்பு. இதுக்கு மேல எறக்குனா வீண்தான்" என்றார் வண்டிக்காரர். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

கூட்டம் கலைந்தது. கல்யாணப் பந்தல் என்று சொன்னவர்கூட எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்துத் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். கழுவக் கழுவ வெள்ளை போய்க் கறுத்த முகம் வெளியே வந்தது. அன்றைக்கு மத்தியானமே எர்ணாகுளத்துக்குப் போன் போட்டார்.

அவர் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், வாசலில் நாற்று இருந்தது. நர்சரியில் முன்னாலேயே சொல்லிவைத்துக் குழித்தட்டுகளில் வந்து இறங்கிய பாகல், பீர்க்கு, புடலை நாற்றுகள். இரண்டு இலைவிட்டு மூன்றாவது எட்டிப் பார்க்கிற பருவம். கொஞ்ச நாளுக்குள் நிலத்தில் வைக்காவிட்டால் தட்டிலேயே வெளிறிப்போகும். குடிக்கிற தண்ணீரில் செம்பு செம்பாக மிச்சம் பிடித்து நான் அவற்றுக்குத் தெளித்துக்கொண்டிருந்தேன். சின்னவன் ஒவ்வொரு தட்டுக்கும் போய், "இது குடிச்சிருச்சா? இது குடிச்சிருச்சா?" என்பான்.

ரோட்டுக்குப் போன பங்கு

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாகவேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி. முத்துராசு. அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்தபோது, எது வேண்டும் என்று முதலில் கேட்கப்பட்டவர் அண்ணன்தான். அவர் மேட்டில் இருக்கும் ரோட்டுக்காட்டை எடுத்துக்கொண்டார். தார் ரோட்டை ஒட்டிய நிலம், நாளைக்குப் பிளாட் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்ற கணக்கு. தம்பிக்கு ஓடையோரத்தில் இருந்த பள்ளக்காடு.

பிளாட் போட யாரும் வரவில்லை. ஆனால் ஓடையில் தடுப்பணை வந்தது. அதுவரை மழை பெய்த வேகத்தில் ஓடிப்போன தண்ணீர் தேங்கி நின்று மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தது. பள்ளக்காட்டில் புதர் மண்டிக் கிடந்த பழைய கிணற்றில் ஊற்று எடுத்தது.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முத்துராசு சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "எங்கண்ணன் ரோட்ட எடுத்துக்கிட்டு எனக்குச் சேத்தத் தந்தாரு. இப்பச் சேறுதான் சோறு போடுது!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். இவர் பாதி இலையில் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார். ஓரகத்திகளான நானும் பாண்டியம்மாவும் ரேஷன் கடை வரிசையில் பார்த்தால் பேசிக்கொள்வோம். வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டோம்.

பாண்டியம்மாவின் பேரம்

போர் பொய்த்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பள்ளக்காட்டுக்கு இறங்கிப் போனேன். பாண்டியம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வாங்கக்கா. நீங்க நேத்தே வருவீகன்னு பாத்தேன்."

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் மறந்துபோனது. "நாத்து செத்துரும் போலருக்கு பாண்டியம்மா" என்றேன். "அவரும் போறேங்கிறாரு."

அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எட்டிப் பார்த்தேன். அந்த வருடம் கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. பாதிக் கிணற்றுக்குப் பச்சையாகத் தண்ணீர். படிக்கட்டில் தவளை ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தது.

"எங்க வீட்டாளு நாளெல்லாம் வண்டி ஓட்டப் போயிருறாரு. நான் ஒருத்தி இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு என்ன செய்ய? சோளத்துக்கும் புல்லுக்கும் பாச்சுறேன். மிச்சத்துல தவள நீச்சலடிக்குது" என்றாள்.

"தருவியா?"

"தாரேன். ஆனா சும்மா தரமாட்டேன்."

பணம் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பந்தல்ல பாதி எனக்கு வேணும். வேலையிலயும் பாதி, காயிலயும் பாதி. தண்ணிக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம். ஒங்க கல்லு, எங் கெணறு. சரிதான?"

நான் அவளையே பார்த்தேன். சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்கிறவள் மாதிரி நின்றாள். பாதியைக் கொடுப்பதா என்று மனசுக்குள் ஒரு நொடி கணக்கு ஓடியது உண்மைதான். தண்ணீரில்லாத முழுப் பந்தலில் என்ன காய்க்கும் என்று அடுத்த நொடியே தோன்றியது.

"சரி. ஆனா ஆம்பளைங்க?"

"எங்க வீட்டாள நான் பாத்துக்கிறேன். மச்சான நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்தாள். "பொழுது சாயுறதுக்குள்ள சொல்லிருங்கக்கா. நாத்து நமக்காகக் காத்துக் கெடக்காது."

நமக்காக என்று சொன்னாள். மேட்டில் ஏறி வீடு வரும்வரை அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில்

நான் என் பக்கத்து வேலையில் தோற்றுப்போனேன்.

"அவந் தண்ணியில நான் வெவசாயம் பாக்கணுமா? ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

"ஊரு இப்பவும்தான் சொல்லுது."

அவர் பையை எடுத்து வைத்தார். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்வரை நானும் கூடப் போனேன். திருச்சி ரோட்டில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன. டீக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முத்துராசுவின் குட்டியானை வண்டி வடமதுரைப் பக்கமிருந்து வந்தது. அந்தச் சின்னச் சரக்கு வண்டியின் பின்புறம் நீள நீளமாகப் பைப்புகள் வெளியே நீட்டிக்கொண்டு ஆடின. நுனியில் பாண்டியம்மாவின் பழைய சிவப்புச் சேலைத் துணி கட்டியிருந்தது. எங்களைத் தாண்டிப் போய் நின்றது. பின்னால் வந்து மறுபடி நின்றது.

முத்துராசு இறங்கினார். லுங்கியை மடித்துக் கட்டினார். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். அண்ணனுடைய முகத்தைப் பார்க்காமல், பையைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, பைப்பு எறக்க ஆளு இல்ல. எறக்கிக் குடுத்துட்டுப் போ."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பைப்புகளைப் பார்த்தார். கையால் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "இதென்னலே, இம்புட்டு மெலிசா வாங்கிட்டு வந்துருக்க? மேட்டுக்கு ஏத்துறப்ப அழுத்தம் தாங்குமா?"

"கடைக்காரரு தாங்கும்னாரு."

"கடைக்காரனுக்கு என்ன, அவனா மண்ணத் தோண்டி மாத்தப்போறான்?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. "திண்டுக்கல், திண்டுக்கல், திண்டுக்கல்!" என்று கண்டக்டர் படியில் நின்று கத்தினார்.

"ஏறுறியாப்பா, இல்லையா?"

என் வீட்டுக்காரர் பையைத் தூக்கினார். தூக்கி, பைப்புகளுக்கு மேலே குட்டியானையில் போட்டார். "நீங்க போங்க. கடையில போயி வேற பைப்பு மாத்தணும்" என்று கண்டக்டரிடம் சொன்னார், ஏதோ அந்த பஸ்ஸே அவருக்காகத்தான் நின்றது போல.

அண்ணனும் தம்பியும் வண்டியின் முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். என்னை ஏற்றிக்கொள்ளவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் இரண்டு டீயையும் குடித்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை.

எல்போ எங்கே?

பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் குழி தோண்டி, பைப்புப் பதித்து, மேட்டில் தரைத்தொட்டி கட்டும்வரை அவர்கள் இருவரும் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும்தான் பேசினார்கள்.

"புடி."

"விடு."

"எல்போ எங்க?"

"கால்கிட்டத்தான் கெடக்கு."

பைப்பையும் வளைவுக்கு வைக்கும் எல்போவையும் ஒட்டும் பசையின் காரநெடி காடு முழுக்க அடித்தது. மத்தியானச் சாப்பாடு முதல் நாள் இரண்டு தூக்குவாளியில் இரண்டு இடத்தில் நடந்தது. அடுத்த நாள் பாண்டியம்மா கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். வாசனை எங்கள் பக்கம் வந்தது. என் வீட்டுக்காரர் மென்றுகொண்டே, யாரிடமும் இல்லாத மாதிரி, "இன்னைக்கு வெஞ்சனம் கத்திரிக்காதானா?" என்றார். முத்துராசு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து ஒரே சட்டியாகிவிட்டது.

நாற்றுகளுக்காக இதற்கிடையில் பாண்டியம்மாவும் நானும் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தோம். ஒன்றிரண்டு தட்டு போய்விட்டது. மற்றவை பிழைத்துக்கொண்டன.

மோட்டார் போட்ட அன்று காலை மும்முனைக் கரண்ட் வருகிற நேரம் பார்த்து எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். கீழே கிணற்றடியில் பாண்டியம்மா. முத்துராசு கையை அசைத்ததும் அவள் சுவிட்சைத் தட்டினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பைப்பு ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் இருமியது. சிவப்பாக ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பியது. மறுபடி காற்று. என் வீட்டுக்காரர் பைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு வந்தது பாருங்கள், பைப்பு வாய் நிறைய, கண்ணாடி மாதிரி! தொட்டியின் சிமெண்டுத் தரையில் அடித்த சத்தத்தில் என் மகன்கள் கூச்சலிட்டது கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சட்டையோடு தலையை அதற்குக் கீழே கொடுத்தார். முத்துராசு சிரித்துக்கொண்டே, "அண்ணே, சேத்துத் தண்ணி, பாத்துக்க!" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் தலையை வெளியே எடுத்தார். முகத்தை வழித்துவிட்டார். ஒரு கை நிறையத் தண்ணீரை அள்ளித் தம்பியின் மூஞ்சியில் அடித்தார். "இந்தா, ரோட்டுக்காரன் குடுக்குறேன், வாங்கிக்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மீசை நரைக்க ஆரம்பித்த இரண்டு ஆண்கள் சின்னப்பிள்ளைகள் மாதிரி தொட்டிக்குள் இறங்கிவிட்டார்கள். கீழேயிருந்து பாண்டியம்மா, "வந்துருச்சா? ஏங்க, யாராச்சும் சொல்லுங்களேன்! வந்துருச்சா?" என்று கத்திக்கொண்டேயிருந்தாள். கடைசியில் அவளே மூச்சு வாங்க மேட்டுக்கு ஓடிவந்து பார்த்தாள்.

அன்று சாயங்காலமே நாற்று வைத்தோம். பந்தலுக்கு அடியில் இழுத்திருந்த சொட்டுநீர்க் குழாய்களைத் திறந்துவிட்டபோது ஒவ்வொரு நாற்றின் காலடியிலும் செம்மண்ணில் ஒரு கருத்த வட்டம் தோன்றி மெதுவாக அகன்றது. குனிந்தால் மண் குடிக்கிற மெல்லிய சத்தம்கூடக் கேட்டது.

ஆவணி

எல்லாம் அதன் பிறகு சுகமாகவே போனது என்று எழுதினால் எங்கள் பக்கத்து விவசாயிகள் சிரிப்பார்கள். சித்திரை வந்தால் கிணறு அடிதட்டும். அந்த மாதங்களில் பாதிப் பந்தலுக்குத்தான் நடுவோம். இன்னொரு போர் போடலாம் என்று ஆசை வரும். இருக்கிற ஊற்றையும் அது இழுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று நாலு பேரும் உட்கார்ந்து பேசி விட்டுவிடுவோம். தடுப்பணையில் மண் மேடிட்டால் நாங்களே மண்வெட்டியோடு இறங்குவோம்.

ஆனால் அந்த முதல் ஆவணியைச் சொல்லவேண்டும். கொடிகள் பந்தலை மூடி, உள்ளே பச்சையாக வெளிச்சம் விழும். பொழுது இறங்குகிற நேரத்தில் பீர்க்கம்பூக்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாக விரியும். வண்டுகளின் ரீங்காரம். பந்தலைக் கிண்டல் செய்தவரே தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போனார்.

முதல் காயைக் குட்டியானையில் ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிய மறுநாள், எர்ணாகுளத்திலிருந்து போன் வந்தது. ஓணம் நெருங்குகிறது, ஓட்டலில் கூட்டம் தாங்கவில்லை, எப்போது வருகிறாய் என்று முதலாளி கேட்டார். அப்போது என் வீட்டுக்காரர் பந்தலுக்குள் ஸ்டூலில் ஏறி நின்று புடலங்காய்க்குக் கல் கட்டிக்கொண்டிருந்தார். பரோட்டாவை வீசிப் பழகிய விரல்கள், பிஞ்சின் நுனியில் நூலைச் சுற்றுவது கண்ணுக்கே தெரியவில்லை. பாண்டியம்மாவும் நானும் கீழே நின்று கல் எடுத்துக் கொடுத்தோம். போனை நான்தான் அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தேன்.

"இல்ல மொதலாளி. வர முடியாது."

மறுமுனையில் ஏதோ கேட்டார்.

"வேல கெடச்சிருச்சு. ஆமா, ஊருலயே."

மறுபடி ஏதோ கேட்டார். சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கவேண்டும், இவர் கூச்சத்தோடு சிரித்தார். பதில் சொல்ல வாயெடுக்குமுன் பள்ளக்காட்டிலிருந்து முத்துராசுவின் குரல் மேடேறி வந்தது.

"அண்ணே! கரண்ட் வந்துருச்சு! மோட்டரப் போடவா?"

என் வீட்டுக்காரர், காதோரம் போன் இருப்பதையே மறந்து, தொண்டை கிழியக் கத்தினார்:

"போடுறா!"